ரைட்டரையா புல்வெட்டி பார்த்த சனிக்கிழமை

இந்தக் கிறிஸ்மஸுக்கு வெள்ளையடிக்கவே மாட்டேன் என்று சத்தியநேசன் தீர்மானம் பண்ணிவிட்டார். போன வருஷம் ஏணியில் ஏறி, சுண்ணாம்பைப் பாதி சுவருக்கும் பாதி தலைக்குமாக அடித்துக்கொண்டதில், பாளையங்கோட்டையே ஒரு வாரம் அவரை நிறுத்தி நிறுத்தி விசாரித்தது: "என்ன ரைட்டரையா, அதுக்குள்ள நரைச்சிட்டு?" மிஷன் பங்களாவில் கணக்கெழுதும் ரைட்டருக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

தீர்மானம் பண்ணுவது சுலபம். அதை மனைவி சாரம்மாளிடம் யார் சொல்லுவது?

கர்த்தர் கைவிடவில்லை. பங்களாவின் புல்வெட்டி யந்திரம் புல்லை வெட்டாமல் சவைத்துத் துப்ப ஆரம்பித்தது. திங்கட்கிழமை அந்தப் புல்தரையில் டென்னிஸ் பந்தாட்டம். "ரைட்டர், கத்திகளைச் சோதித்துச் சீர்படுத்தும்" என்றார் பங்களாவின் வெள்ளைக்காரத் துரை. சத்தியநேசன் வியாழக்கிழமையே யந்திரத்தை வீட்டுக்குத் தள்ளிவந்து, விறகுப்புரையில் நிறுத்திச் சாக்கைப் போர்த்தினார்.

"ஏட்டி, சனிக்கிழமை பூரா எனக்கு இதுதான் சோலி. வெள்ளையடிக்க ஒழியாது. நீ இங்கன வந்திராத. உருளையைச் சுத்தி அஞ்சு கத்தி. ஒண்ணைத் தொட்டா மத்த நாலும் சுத்தும். விரலு போயிரும்!"

"அய்யோ! நீங்க மட்டும் எப்படிப் பாப்பிய?"

"சக்கரத்துக்குக் கல்லை முட்டுக்குடுக்கணும். கையில சாக்கைச் சுத்திக்கிடணும். குச்சியால பைய உருட்டி, எந்தக் கத்தியில வாய் உடைஞ்சு பல்லு விழுந்திருக்குன்னு பாக்கணும். கடைசியில ஒரு காயிதத்தைக் குடுத்தா நறுக்குன்னு வெட்டணும்."

"நாலு திருகாணியக் கழத்துனா உருளை தனியா வந்துருமாமே?"

"வரும். அதெல்லாம் ஆம்பிளை சோலி."

"சரி" என்றாள் சாரம்மாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவள் ஒரே பேச்சில் சரி சொன்னது அன்றைக்குத்தான். மனுஷன் அப்போதாவது பயந்திருக்க வேண்டும். சந்தோஷப்பட்டார்.

சனிக்கிழமை காலை விறகுப்புரைக் கதவு உள்ளே தாழ்விழுந்தது. போர்த்தின சாக்கைக்கூட அவர் விலக்கவில்லை. பக்கத்தில் பாயை விரித்துப் படுத்தார். விழிப்பு வந்தபோதெல்லாம் கல்லால் சக்கரத்தில் டங் டங்கென்று தட்டினார். மறுபடியும் தூங்கினார். மத்தியானம் முகத்தில் கொஞ்சம் விளக்கெண்ணெயைப் பூசிக்கொண்டு, இரண்டாகக் கிழித்த காகிதத்தோடு வெளியே வந்தார்.

"அப்பாடா! இடுப்பு ஒடிஞ்சிட்டு. மூணாவது கத்தியில ரெண்டு பல்லு விழுந்திருந்தது. அரத்தால ராவிட்டேன். காயிதத்தைப் பாரு, எப்படி வெட்டுதுன்னு!"

சாரம்மாள் காகிதத்தின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். "பல்லு கத்தியில விழுந்த மாதிரி தெரியலையே. காயிதத்துலல்லா விழுந்திருக்கு!"

அந்நேரம் வாசலில் சத்தம். மேலப்பாளையத்துச் சாணைக்காரர் முகம்மது மைதீன், தோளில் ஒரு சாக்குப் பொதியோடு நின்றார்.

"வீட்டம்மா நேத்து புல்வெட்டியில இருந்து கழத்திக் குடுத்த உருளை, ரைட்டரையா. அஞ்சு கத்தியும் சாணை புடிச்சாச்சு. எங்கன வைக்க?"

சத்தியநேசன் திரும்பி விறகுப்புரையைப் பார்த்தார். சாரம்மாள்தான் பதில் சொன்னாள்.

"எங்கன வேணும்னாலும் வையுங்க அண்ணே, ஏணிக்கிட்ட மட்டும் வேண்டாம். அவுக ஏறணும்."