பிழைக்கு ஒரு டொபி

பின்னேரம் மூன்று பத்துக்கு என் மகள் சுபா வாயில் டொபியோடு டியூசன் முடிந்து வந்தாள். எங்கள் வீட்டு நிம்மதி கெடத் தொடங்கியது அப்போதுதான்.

“ஆர் தந்தது?”

“மூளை மாஸ்டர். ஏழெட்டு ஐம்பத்துநாலு எண்டனான். பிழையாம். அதுக்குத்தான்.”

பிழையான விடைக்குப் பரிசு கொடுத்த ஆசிரியர் திருகோணமலையில் மட்டுமல்ல, உலகத்திலேயே அவர் ஒருவர்தான். கப்பலில் வந்த யாரோ விட்டுப்போன ஆங்கிலச் சஞ்சிகையொன்றில் மூளை ஆராய்ச்சி பற்றி வாசித்திருந்தார். அதில் பாதிப் பக்கங்கள் இல்லை. மீதி ஆராய்ச்சியை அவரே செய்து முடித்தார். வகுப்புக்கு ஒரு முட்டைக்கோவாவைக் கொண்டுவந்து, “இதுதான் மூளை” என்று இதழ் இதழாகப் பிரித்துக் காட்டுவார். பாடம் முடிந்ததும் அந்த மூளை அவர் வீட்டுக் குசினியில் தேங்காய்ப்பூப் போட்ட வறையாகிவிடும்.

எனக்கோ புலமைப்பரிசில் சோதனைக் கவலை. ஓர்ஸ் ஹில்லில் அவர் டியூசன் நடத்திய தென்னோலைக் கிடுகுக் கொட்டிலுக்குச் சண்டைக்கே போனேன்.

“சரியாச் சொல்ற பிள்ளைக்கு என்ன குடுப்பியள், மாஸ்டர்?”

“ஒண்டுமில்லை. அதுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே! பிழை விட்டுத் திருத்தேக்கதான் தம்பி, மூளை முழிக்கும். பயந்தா பூட்டிக்கொள்ளும்.”

“இவள் பாஸ் பண்ணுவாளோ?”

“பல்லுப் பழுதாகாட்டிப் பண்ணுவாள்.”

அந்தக் கிழமையோடு அவளை டியூசனுக்குப் போகாமல் மறிப்பதென்று முடிவெடுத்தேன். யுத்த காலம் அதுவரை காத்திருக்கவில்லை. மறுநாள் டியூசன் நேரத்தில் துறைமுகப் பக்கம், மாஸ்டரின் கொட்டிலுக்குக் கிட்ட, குண்டு வெடித்தது.

வேலை செய்த கந்தோரிலிருந்து ஓடினேன். செருப்பு எங்கே கழன்றதென்று இன்றுவரை தெரியாது. கொட்டிலுக்குள் ஒரே தூசி. பிள்ளைகள் உட்காரும் வாங்குகளுக்குக் கீழே சின்னக் கால்கள். ஒன்றும் அசையவில்லை. இப்போதும் மகள் தொலைபேசியை எடுக்கப் பிந்தினால் அந்தக் கால்கள்தான் கண்ணுக்குள் நிற்கும்.

கூப்பிட வாயைத் திறந்தேன். மகளின் பேர் வரவில்லை.

அப்போது, பயத்தில் வெளியே ஓடிய ஒரு பொடியனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மாஸ்டர் வந்து சேர்ந்தார். தலை முழுக்கக் கிடுகுத் தூள்.

“மாஸ்டர்... என்ட பிள்ளை... பேர் வருகுதில்லை...”

“வரும் தம்பி. பூட்டிப் போச்சு, அவ்வளவுதான். நான் வருமட்டும் அசையாதேங்கோ எண்டு பிள்ளையளுக்குச் சொன்னனான்.” பிறகு, வழக்கமான வகுப்புக் குரலில்: “எங்க, ஏழெட்டு எவ்வளவு?”

வாங்குகளுக்குக் கீழிருந்து எல்லாரும் கத்தினார்கள்: “ஐம்பத்தாறு!”

கடைசியாக ஒரு குரல் மட்டும், “ஐம்பத்துநாலு!”

“சுபா!” என்றேன்.

மாஸ்டர் சேட்டுப் பைக்குள் கையை விட்டார். இரண்டு டொபி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“ஒண்டு அவளுக்கு. மற்றது உங்களுக்கு தம்பி, பேரை மறந்ததுக்கு.”