நாற்றம் இல்லாத பாட்டு

“பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அந்த நாத்தத்தை மட்டும் எடுத்துடுங்க” என்றார் ராமமூர்த்தி.

ஆம்பூரில் தோல் பதனிட்டு ஷூவும் தைக்கிற கம்பெனி ஒன்றின் ஹெச்.ஆர். அவர். எதிரே உட்கார்ந்திருந்த சாமுவேலின் மனைவி ஹெலன் அங்கேதான் தையல் லைனில் இருக்கிறாள்.

சர்ச்சில் கிட்டார் பழகிய சாமுவேல், மண்டையை உடைத்துக்கொண்டு ஊரைப் பற்றி ஒரு ராக் ஆல்பம் தயார் செய்திருந்தான். கழிவுத் தண்ணீர் இறங்கி நாறும் கிணறு, கருகின கடலைக் கொல்லை, விடிவதற்குள் கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழியும் பெண்கள். வாட்ஸ்அப்பில் ஒரு பாட்டு கசிந்ததுதான் தாமதம், கூப்பிட்டு அனுப்பிவிட்டார்கள்.

“எடுக்கலன்னா சார்?”

“ஹெலன் நல்ல வொர்க்கர்” என்றார் ராமமூர்த்தி. அவ்வளவுதான் சொன்னார்.

“ஒரு வார்த்தைதானே? என் சம்பளம் நின்னா இன்னா, பாட்டையா துன்றது?” என்றாள் ஹெலன், அவன் வீட்டுக்கு வந்து சொன்னதும்.

நாற்றம் வாசமானது. வந்தது வினை. “கிணத்துல வாசம்னா கிண்டலா?” என்று மறுபடி கூப்பிட்டார்கள். கிணற்றையே தூக்கினான். கடலை கருகியதற்குக் காரணம் வேண்டுமே, பழியை மழையின் தலையில் கட்டினான்.

டிரம்ஸ் வாசிக்கும் முனீர் அகமது குச்சியைக் கீழே வைத்தான்.

“மழையைத் திட்றதுக்கு எதுக்கு தோஸ்த் இவ்ளோ சத்தம்?”

சத்தமும் கம்மியானது. இறங்கிப் போனவனை விடுவார்களா?

“சோகம் ஜாஸ்தி. ‘பொறுத்திரு, விடியும்’னு முடிங்க. கம்பெனியே வெளியிடும்” என்றார் ராமமூர்த்தி.

சாமுவேலுக்குக் காறித் துப்பலாம் போலிருந்தது. எழுதிக் கொடுத்தான். முனீர் போன் எடுப்பதையே நிறுத்திவிட்டான். போகட்டும், ஹெலனுக்கு வேலை நிலைத்ததே என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

வெளியீட்டு நாளன்று இஸ்திரி போட்ட சட்டையும் கிட்டாருமாகக் கம்பெனிக்குப் போனான். கேட் பூட்டியிருந்தது. டிபன் பைகளோடு பெண்கள் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஹெலனும் இருந்தாள். அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை.

“இன்னாண்ணே ஆச்சு?” என்று வாட்ச்மேன் வேதாசலத்தைக் கேட்டான்.

“கம்பெனிய மூடிட்டாங்கப்பா. இப்பதான் மைக்குல உன் பாட்டைப் போட்டு, நோட்டீஸப் படிச்சாங்க. ஒரு சண்டை, ஒரு சத்தம் இல்ல, எல்லாம் அழுதுகினே வெளிய வந்துட்டாங்க.”

“திடீர்னா?”

“திடீர்னு இன்னா, முடிவெடுத்து மாசக்கணக்காவுது. உன் பாட்டு ரெடியாவட்டும்னுதான் காத்துக்கினு இருந்தாங்க.”