பெத்துராஜின் காதுக்குள் ஜெர்மனி

உயிரே போனாலும் சரி, கோயிலை நூற்றியெட்டுச் சுற்றுச் சுற்றுவதில்லை என்று மைக் செட் பெத்துராஜ் முடிவு கட்டிவிட்டார். சுற்றினால் உயிர் போய்விடும் என்பதுதான் அவருடைய பயமும். சங்கரன்கோவில் ஆடி வெயிலில் கோயில் தளம் தோசைக்கல்லாகக் காயும். பெத்துராஜுக்கோ வீட்டிலிருந்து தேரடியில் இருக்கும் தன் கடைக்குப் போகவே நடுவில் ஒரு டீ வேண்டும்.

பங்குனியில் அவருக்கு மஞ்சள்காமாலை வந்து படுத்தபோது, பிழைத்தால் ஆடிச்சுற்று நூற்றியெட்டு சுற்றுவார் என்று மனைவி செண்பகவல்லி கோமதியம்மனிடம் நேர்ந்துகொண்டாள். மனுஷன் பிழைத்துத் தொலைத்தார். வந்தது வினை.

"நேந்தது நீ. நடக்கது நானா?"

"காமாலை வந்தது எனக்கா, ஒங்களுக்கா?"

"ஒனக்கு வந்திருந்தா நான் பத்துத் தேங்காயோட முடிச்சிருப்பேன், ஏட்டி!"

"அது தெரிஞ்சுதான் அம்மன் எனக்குக் குடுக்கலை."

ஆடிச்சுற்று தொடங்கும் கொடியேற்றத்துக்குப் பத்து நாள் இருந்தது. அப்போதுதான் கப்பல்காரர் ஆதம் கடைக்கு வந்தார். ஜெர்மனியில் வாங்கிய ரிக்கார்டு பிளேயர் தூத்துக்குடி வந்து சேர்வதற்குள் ஊமையாகிவிட்டதாம். பெத்துராஜ் அதைப் பிரித்து, அறுந்த ஒயரைப் பற்றவைத்து, கூடவே வந்த ரிக்கார்டை ஏற்றி முள்ளை இறக்கினார்.

இறக்கியவர் ஸ்டூலோடு பின்னால் சாய்ந்தார். உய்ய்ய்ய் என்று ஒன்று கிளம்பி, கூரையைப் பிய்த்துக்கொண்டு போவதுபோல் ஏறியது. பிறகு வெறும் குடத்தில் தண்ணீர் சொட்டியது. கணீர் கணீரென்று மணி அடித்தது. கடைசியாக யாரோ இரும்புக் கட்டிலை ரம்பத்தால் அறுத்தார்கள்.

"வே ஆதம், சுவிட்சை அணையும்வே! பெட்டி வெடிக்கப் போவுது!"

"வெடிக்காதுவே. பாட்டு அது."

"பாட்டா!"

"வயலின் இல்ல, தவில் இல்ல, பாடுத ஆளும் இல்ல. வெறும் கரண்டை வச்சே செஞ்சிருக்கான். புது முயற்சியாம்."

"வெலை குடுத்து வாங்குனீரா?"

"கடைக்காரன் சும்மா குடுத்தான். அப்பவே நான் யோசிச்சிருக்கணும்."

பெத்துராஜுக்கு உடம்பெல்லாம் ஆடிப்போயிருந்தது. ஆனால் அந்த ஆட்டத்திலேயே ஒரு யோசனை பிறந்தது. இன்னும் மூன்று தடவை போட்டுக் கேட்டு, வரிசையை மனப்பாடம் செய்துகொண்டுதான் ஆதமைப் பெட்டியோடு அனுப்பினார்.

வீட்டுக்குள் நுழையும்போதே இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "செண்பகம்... காதுக்குள்ள சத்தம்."

"என்ன சத்தம்?"

"உய்யுனு ஏறுதுட்டி. அப்புறம் குடத்துல தண்ணி சொட்டுது. மணி அடிக்கி. கடைசில ரம்பத்தப் போட்டு அறுக்கான்."

செண்பகவல்லி பேயறைந்த மாதிரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அய்யோ, கோமதித்தாயே! காமாலை எறங்கி காதுக்குப் போயிட்டா?"

"வெயில்ல நடந்தா மூளைக்கு ஏறிருமாம். வைத்தியர் சொல்லுதாரு."

"அப்ப நடக்கவே வேண்டாங்க. அம்மன்கிட்ட நான் பேசிக்கிடுதேன்."

பெத்துராஜ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துச் சிரித்துக்கொண்டார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் முதல் வெற்றி.

மறுநாள் தெருவே திரண்டுவந்து அதிர்ச்சியடைந்தது. அடுத்த வீட்டு முருகம்மாள் தன் காதை அவர் காதோடு ஒட்டவைத்துப் பார்த்துவிட்டு, "தண்ணி சொட்டுதது எனக்கே கேக்குதே!" என்று அலறினாள். பெத்துராஜே ஒரு நிமிஷம் பயந்துபோனார்.

"காதுக்குக் கருஞ்சீரக எண்ணெய் நல்லதாம், வாங்கிட்டு வாரேன்" என்று செண்பகவல்லி அன்று சாயங்காலம் போனாள். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தாள். அதிலிருந்து கவனிப்பு இரட்டிப்பானது. இரண்டு காதிலும் எண்ணெயும் பஞ்சும். டீ கிடையாது, காதுக்குச் சூடு. வடை கிடையாது, காதுக்கு வாயு. மூன்று வேளையும் உப்பில்லாக் கஞ்சி. நூற்றியெட்டுச் சுற்றை நினைத்துக்கொண்டு பெத்துராஜ் எல்லாவற்றையும் கண்ணை மூடி விழுங்கினார். வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவ ஆரம்பித்தது.

கொடியேற்றத்தன்று காலையில் செண்பகவல்லி தலைக்குக் குளித்துவிட்டு, துவைத்த வேட்டி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். அவர் காதுப் பஞ்சை அவளே எடுத்தாள்.

"இன்னைக்கு எப்படி இருக்கு?"

"அப்படியேதான். மொதல்ல உய்யுனு ஏறுது."

"ம்."

"தண்ணி சொட்டுது. ஒடனே ரம்பம்..."

"ரம்பத்துக்கு முன்னால மணி அடிக்கும்லா? அதை விட்டுட்டியளே."

"ஆமா, மணியும்..." என்றவருக்குச் சுருக்கென்றது.

நான் சொன்னதைத்தானே சொல்லுகிறாள் என்று சமாளிக்கப் பார்த்தார். அவள் நிறுத்தவில்லை.

"மணி மூணு தடவை. மூணாவது மட்டும் கொஞ்சம் கீறி அடிக்கும்."

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பெத்துராஜின் காதுக்குள் இப்போதுதான் நிஜமாகவே உய்யென்றது.

"ஒனக்கு... எப்படிட்டி தெரியும்?"

"எண்ணெய் குடுத்தது ஆதம் அண்ணாச்சி சம்சாரம் சுபைதாதான். அங்கன பெட்டியப் போட்டுக் காமிச்சாவ. நீங்க ரிப்பேர் பாத்ததாம்லா? ரொம்பத் தெளிவாக் கேக்குது."

வேட்டி அவர் மடியில் வந்து விழுந்தது. பெத்துராஜ் எழுந்து கட்டிக்கொண்டார். கோயிலுக்குப் புறப்பட்டு வாசலைத் தாண்டும்போது செண்பகவல்லி ரொம்ப அக்கறையாகக் கூப்பிட்டாள்.

"இங்கேருங்க, ஒரே ஒரு சந்தேகம். காதுக்குள்ள ரெண்டாவது பக்கம் தானா வருதா, இல்ல நீங்க எந்திரிச்சுத் திருப்பிப் போடணுமா?"