பன்னிரண்டு கட்டம் பத்தாது

திண்டிவனத்தில் எத்தனையோ வெட்டி வேலைகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் மாடி அறையில் குடியிருந்த கட்டக்காரர் பார்த்தது போன்ற வெட்டி வேலையை உலகம் கண்டிருக்காது. நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகக் கோடு போடுவார். மண்ணுக்குள் தண்ணீரும் எண்ணெயும் காற்றும் ஒன்றையொன்று எப்படித் தள்ளிக்கொண்டு போகின்றன என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் கணக்குப் போடுவதுதான் உத்தியோகமாம். இதற்கு ஒரு கல்லூரியில் சம்பளம் வேறு. நான் ஐந்தாவதோடு நின்றது நல்லதாகப் போயிற்று.

வடை கொடுத்தால் வாயில் போட மாட்டார். குறுக்கும் நெடுக்குமாக அறுத்து, ஒவ்வொரு துண்டாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஆவி வெளியே போகிற வழியில்தான் எண்ணெய் உள்ளே போகிறதாம். அவர் பார்த்து முடிப்பதற்குள் வடை ரப்பராகிவிடும்.

கட்டம் போடுகிறவர் என்றதும் தெருவே அவரை ஜோசியர் என்று நினைத்துவிட்டது. எதிர்வீட்டுச் செல்வி மகளுடைய ஜாதகத்தோடு வந்தாள். ராசிக் கட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பன்னெண்டு கட்டம் பத்தாதும்மா. ஒரு பத்தாயிரமாவது வேணும். ஓரத்துல இன்னா இருக்குதுன்னு தெரியாம உள்ள நடக்கறத சொல்ல முடியாது."

"ஓரத்துல எங்க மாமியார் இருக்குது சார்," என்றாள் செல்வி.

"அது நகருமா, நகராதா?"

"எங்க நகருது? கல்லு மாதிரி குந்திக்கினு இருக்குது."

"அப்ப சுலபம்," என்றார். மகள் கல்யாணம் முடிந்ததுபோலச் செல்வி வீடு திரும்பினாள்.

ஒரு மத்தியானம் மாடியிலிருந்து "வெடிச்சிடுச்சும்மா" என்று குரல். கேஸ் சிலிண்டரை மூடிவிட்டுத் தண்ணீர்க் குடத்தோடு ஓடினேன். புகையும் இல்லை, தீயும் இல்லை. கணக்கு வெடித்துவிட்டதாம். நேரத்தைப் பெரிய பெரிய அடியாகத் தாண்டினாராம். எண்கள் தாறுமாறாக ஏறி, ஒரு கட்டத்துக்குள் மண்ணில் இருக்கிற இடத்தைவிட அதிகமாகத் தண்ணீர் வந்துவிட்டதாம். சின்னச் சின்ன அடியாக வைத்து மறுபடி போட வேண்டும் என்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். குடத்தை அந்தத் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். எனக்குத்தான் எதற்கும் கூச்சம்.

இந்த லட்சணத்தில் என் நிலத்துக்கும் கணக்குப் போட வந்தார். மரக்காணம் ரோட்டில் எங்களுக்கு ஒரு காணி. அந்த வருஷம் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பூ விடுகிற சமயத்தில் போர்த் தண்ணீர் உப்பாகி, இலை ஓரமெல்லாம் கருகிப்போயிற்று. இன்னும் ஆழமாக இறக்கினால் நல்ல தண்ணீர் வரும் என்று என் மகன் குமார் போர் லாரிக்குச் சொல்லிவிட்டான். அது தப்பினால் பயிரும் போச்சு, போரும் போச்சு.

லாரி வந்து நின்ற அன்று, மூன்று நாளாய்ச் சட்டைகூட மாற்றாத கோலத்தில் கட்டக்காரர் ஒரு தாளோடு வந்து சேர்ந்தார்.

"ஆழமா போடாதீங்க. நல்ல தண்ணி மேல, உப்புத் தண்ணி கீழ. மோட்டார விடாம ஓட்டுனா கீழ இருக்கறது கூம்பாட்டம் ஏறி வருது. அரை மணி ஓட்டுங்க, நிறுத்துங்க. உப்பு எறங்கட்டும்."

"வடைய அறுத்துப் பாத்தவரு சொல்லிட்டாரு," என்று குமார் சிரித்தான். லாரிக்காரரும் சிரித்தார். நிலம் என் பேரில் இருந்ததால் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவர் கணக்கின்மேல் எனக்கு எள்ளளவும் நம்பிக்கை இல்லை. ஆனால் அந்தக் குடம் ஞாபகம் வந்தது.

"சாரோட கணக்கு வெடிச்சா மறுக்கா போட்டுக்குவாரு," என்றேன். "போர் போட்டா போட்டதுதான். லாரி போவட்டும்."

நாலு ஆம்பளைகளுக்கு முன்னால் நான் பேசியது அதுதான் முதல் தடவை.

அரை அரை மணியாக மோட்டாரை ஓட்டி, தினமும் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன். பதினாறாம் நாள் கரிக்கவில்லை. ஓடிப்போய்ச் சொன்னால் அவர் முகம் தொங்கிவிட்டது. அவர் கணக்குப்படி நல்ல தண்ணீர் பதினோராம் நாளே வந்திருக்க வேண்டுமாம். மாடியேறிக் கதவைச் சாத்திக்கொண்டார். மல்லாட்டை பாதி பிழைத்தது. பிழைக்காத பாதிக்கு இன்றுவரை அவரைத்தான் திட்டுகிறேன்.

வேலை மாறிப் போகும்போது, என் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் போட்ட அந்தத் தாளை மடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். நான் பிறந்த நேரத்தை யாரும் குறித்துவைக்கவில்லை. எனக்கு ஜாதகம் கிடையாது. எனக்கென்று ஒருவர் போட்ட கட்டம் அது ஒன்றுதான். சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். செல்வி கேட்டால், எலி கடிக்காமல் இருக்கத்தான் என்று சொல்லிவிடுவேன்.