நோர்வேப் படத்தில் வந்த இந்தியக் கப்பல்

ஒருத்தியிடம் ஒரேயொரு விஷயத்தைச் சொல்வதற்காக ஊரையே கூட்டி, மைக் கட்டி, மூன்று நாட்டுப் படங்கள் காட்டியவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கடிதம் எழுதியிருக்கலாம். தண்ணீர்ப் பம்படியில் வைத்து இரண்டு சொல் சொல்லியிருக்கலாம். ஆனால் இருபத்தாறு வயதில் எனக்கிருந்த மூளைக்கு அதெல்லாம் எட்டவில்லை.

எண்பதாம் ஆண்டளவில் நான் கிளிநொச்சிப் பக்கத்து ஸ்கந்தபுரத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். என்னைப் பெற்ற ஐயா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி எடுத்து வயல் செய்தவர். ஊரில் ஆங்கிலம் தெரிந்த பெண் நான் ஒருத்திதான் என்று என்னை மாதர் சங்கச் செயலாளராகவும் ஆக்கிவிட்டார்கள். (ஆங்கிலம் என்றால் என்ன ஆங்கிலம்? படிவம் நிரப்புகிற ஆங்கிலம்.) அந்தப் பதவியால் எனக்கு ஏறியிருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல.

மல்லிகா சங்கத்துக்கு வந்தது தைக்க அல்ல, தையல் மெசினைத் திருத்த. எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து அண்ணன் முருகையாவோடு ஓடிவந்தவள். இரண்டு பேரும் எங்கள் வயலுக்குப் பக்கத்துக் காணியில் வேலைக்கு நின்றார்கள். தண்ணீர் பம், சைக்கிள், வானொலி, எது பழுதானாலும் மல்லிகா கழற்றிப் பூட்டிவிடுவாள். பின்னேரங்களில் பம்படியில் அவள் வேலை செய்ய, நான் பக்கத்திலிருந்து பள்ளிப் பிள்ளைகளின் கொப்பி திருத்துவேன். அவள் வராத நாளில் எனக்குச் சோறு இறங்காது, நெஞ்சு அடைக்கும். அதற்கு நான் அப்போது வைத்திருந்த பெயர் வாய்வு. (இஞ்சித் தேத்தண்ணீர், ஓமத்தண்ணீர் எல்லாம் குடித்துப் பார்த்தேன்.)

தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்புகிற ஒப்பந்தப்படி அந்த வருடம் அவர்கள் இரண்டு பேருக்கும் இந்தியப் பாஸ்போட் வந்தது. அடுத்த மாதம் தலைமன்னாரில் கப்பல். இந்தியாவை இருவரும் கண்ணால் கண்டது கிடையாது. ஆனாலும் போகத்தான் வேண்டும் என்று முருகையா முடிவெடுத்துவிட்டார்.

"அண்ணன் போனா நானும் போகணுந்தானுங்களே டீச்சர்" என்று சொல்லிவிட்டு மல்லிகா என் முகத்தைப் பார்த்தாள். போய்ச் சேர்ந்ததும் கடிதம் போடு என்றேன் நான். என் வாயில் நானே அடித்திருக்க வேண்டும்.

அடுத்த கிழமை ஆசிரியர் கருத்தரங்கு ஒன்றுக்காகக் கொழும்புக்குப் போனேன். அங்கே ஒரு வெளிநாட்டுக் கலாசார நிலையம் சங்கங்களுக்குக் குறும்படங்களை இரவல் கொடுக்கிறது என்று யாரோ சொன்னார்கள். கோழி வளர்ப்புப் படம் இரவல் வாங்கத்தான் போனேன், சத்தியமாக. மேசையில் ஒரு சிறு புத்தகம் கிடந்தது. பல நாட்டுக் குறும்படங்கள், எல்லாம் ஆணை விரும்புகிற ஆண்களையும் பெண்ணை விரும்புகிற பெண்களையும் பற்றியவை. படம் எடுத்தவர்களும் அப்படிப்பட்டவர்கள்தான். அவர்களுடைய முகங்களும் வாழ்க்கையும் பக்கத்துக்குப் பக்கம் இருந்தன. நின்றபடியே வாசித்தேன். எனக்கு இருந்தது வாய்வு அல்ல என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

உடனே ஒரு யோசனை உதித்தது. மல்லிகா இந்தப் படங்களைப் பார்த்தால் போதும், நான் வாயே திறக்கத் தேவையில்லை. கோழியை விட்டுவிட்டு அதில் மூன்று படங்களை இரவல் வாங்கிவந்தேன். ஆனால் படம் காட்ட மெசின் வேண்டும். மெசின் தர சங்கத்தின் கடிதம் கேட்பார்கள். சங்கம் கேட்டால் கூட்டம் வைக்க வேண்டும், கூட்டம் வைத்தால் ஊர் வரும். இப்படியே என் காதல் ஒரு பொது நிகழ்ச்சியாகிவிட்டது.

என்ன படம் பிள்ளை என்று கேட்டார் கிராமச் சங்கத் தலைவர் சின்னத்துரை அண்ணை. வெளிநாட்டுக் குடும்பங்கள் எப்படி ஒற்றுமையாக இருக்கின்றன என்று காட்டுகிற படங்கள் என்றேன். விவசாயம் ஏதும் வருமோ என்றார். ஒன்றில் ஆடு வரும் என்றேன். அவருக்குத் திருப்தி.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு, நெல்லுக் களஞ்சியத்தின் யன்னல்களைச் சாக்கால் மூடி, தலைவரின் கரையில்லாத வேட்டியைச் சுவரில் கட்டினோம். கிளிநொச்சியிலிருந்து மெசினோடு வந்தவருக்குக் கண்டாவளையில் கலியாண வீடு. அரை மணித்தியாலத்தில் மல்லிகாவுக்கு மெசின் ஓட்டப் பழக்கிவிட்டு அவர் போய்விட்டார். உள்ளே ஊரில் பாதிதான் கொண்டது. மீதிப் பாதி கதையையாவது கேட்கட்டும் என்று வெளியே வேப்பமரத்தில் லவுட்ஸ்பீக்கர் கட்டினார்கள். படம் வேறு பாஷை என்பதால் மைக்கில் விளக்கம் சொல்வது என் பொறுப்பு.

எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம். ஒருவர் எந்த ஊர், ஆருடைய பிள்ளை, ஆரோடு இருக்கிறார் என்று தெரியாமல் அவர் சொல்வதைக் காதில் வாங்க மாட்டார்கள். ஆகவே முதலில் படம் எடுத்தவர்களை அறிமுகம் செய்தேன். பிரேசில்காரர் தன்னுடைய துணைவரோடு வாழ்கிறார் என்று புத்தகத்தில் இருந்தது. தம்பியாரோடு ஒற்றுமையாக இருக்கிறார் என்று சொன்னேன். யப்பான் பொடியனைப் பெற்றோர் வீட்டை விட்டுத் துரத்தியிருந்தார்கள். அவரை மேற்படிப்புக்காக வீட்டை விட்டு வந்தவராக்கினேன். நோர்வேப் பெண் ஒரு நேர்சைக் காதலித்து அவளோடு குடும்பம் நடத்துகிறாள். ஒரு நேர்ஸ் அம்மாவின் வீட்டில் வாடகைக்கு இருக்கிறா என்றேன். பின்வரிசையில் ஒருவர் சாப்பாடும் அங்கேதானோ என்று கேட்டார். ஓம், சாப்பாடும் அங்கேதான் என்றேன்.

இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அந்த மூன்று பேரும் முகத்தை மறைக்காமல் புத்தகத்தில் போட்டவர்கள். அந்தத் துணிச்சலை ஸ்கந்தபுரத்தில் நின்று நான் வாடகைக் குடித்தனமாக மாற்றிவிட்டேன்.

முதலில் பிரேசில் படம். அதில் இரண்டு கிழவர்கள் ஆடு வளர்த்தார்கள். அண்ணன் தம்பி என்றேன். ஒருவர் மற்றவருக்குத் தலை சீவிவிட்டார், ஒரே கோப்பையில் கோப்பி குடித்தார்கள், சுகமில்லாத கிழவரின் காலை மற்றவர் மடியில் தூக்கி வைத்துப் பிடித்துவிட்டார். முன்வரிசையில் சின்னத்துரை அண்ணை கண்ணைத் துடைத்தார். அவருக்கும் அவருடைய தம்பிக்கும் எல்லைவேலி வழக்கு வருடக்கணக்காக நடந்துகொண்டிருந்தது.

இரண்டாவதான யப்பான் படத்தில் இரண்டு பொடியன்கள் வெறும் வகுப்பறையில் நடனமாடினார்கள். கலைவிழா ஒத்திகை என்று சமாளித்தேன். ஆட்டம் முடிந்ததும் ஒருவனை ஒருவன் முத்தமிட்டார்கள். அந்த நாட்டில் சோதனை பாஸ் பண்ணினால் இப்படித்தான் வாழ்த்துவார்கள் என்று மைக்கில் அறிவித்தேன். அப்படியென்றால் எங்கட பொடியள் பெயிலாகிறதே நல்லது என்றா ஒரு தாய். சிரிப்பில் சுவரிலிருந்து உமி கொட்டியது.

மூன்றாவதுதான் நான் மல்லிகாவுக்காகக் கொண்டுவந்த படம். நோர்வேயில் ஒரு பேக்கரி. இரண்டு பெண்கள் மாப் பிசைகிறார்கள். ஒருத்தியின் கன்னத்தில் ஒட்டிய மாவை மற்றவள் துடைத்துவிடுகிறாள். பிறகு ஒருத்தி பெட்டி கட்டுகிறாள். பனிக்குள் பஸ் வரும். மற்றவள் பஸ் தரிப்பில் நின்று கதைப்பாள். அந்தப் பேச்சை ஆங்கிலத்தில் அடித்துத் தந்திருந்தார்கள், நான் இரண்டு நாளாகப் பாடமாக்கி வைத்திருந்தேன். அக்கா தங்கை என்று சொல்ல வாய் வரவில்லை. மல்லிகா மெசினுக்குப் பக்கத்தில் நிற்கிறாள் என்ற நினைப்பிலேயே உடம்பெல்லாம் வேர்த்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு பேசத் தொடங்கினேன்.

"அவள் சொல்லுறாள், நீ போகாதை எண்டு. ஒவ்வொரு நாளும் சொல்ல நினைச்சனான், பயத்திலை சொல்லேல்லை எண்டு சொல்லுறாள்."

இவ்வளவும் படத்தில் உள்ளது. இதற்குப் பிறகு பிலிம் அறுந்துவிட்டது. கண்ணை மூடியிருந்த எனக்கு அது தெரியாது. நான் தொடர்ந்து விளக்கம் சொன்னேன்.

"கப்பலேறாதை. இந்தியாவிலை உனக்கு ஆர் இருக்கினம்? உன்ரை அண்ணர் கலியாணம் கட்டித் தன்ரை பாட்டைப் பாப்பார். நீ ஆருடைய பம்மைத் திருத்தப்போறாய்? நீ இல்லாமல் எனக்கு ஏலாது, மல்லிகா."

பேசி முடித்துக் கண்ணைத் திறந்தேன். சுவரில் தலைவரின் வேட்டி வெள்ளை வெளேரென்று இருந்தது. ஊர் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. மல்லிகா அறுந்த பிலிமின் இரண்டு நுனியையும் இரண்டு கையிலும் பிடித்தபடி நின்றாள். என் கடைசிச் சொல் வேப்பமரத்து லவுட்ஸ்பீக்கரில் ஏறி வயல் கடந்து வாய்க்கால் வரைக்கும் போயிருக்கும்.

சின்னத்துரை அண்ணை மெல்ல எழுந்தார்.

"பிள்ளை, நோர்வேயிலையும் மல்லிகா எண்டு பேர் வைக்கினமோ?"

"ஓம்" என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல?

மல்லிகா மெசின் விளக்கை அணைத்துவிட்டு, படம் அறுந்துவிட்டது, ஒட்டினால்தான் மீதி என்று ஒரு பதற்றமுமில்லாமல் எல்லோருக்கும் அறிவித்தாள். பிறகு நிலத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சைக்கிள் டியூப் ஒட்டுகிற சொலுசனை எடுத்தாள். (அதால் பிலிம் ஒட்டாது. அது அவளுக்கும் தெரியும்.)

அப்போது முருகையா உள்ளே வந்தார். வேப்பமரத்தடியில் இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். என் கதை முடிந்தது, நாளைக்கே இவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தங்கச்சியிடம்தான் போனார்.

"வா, போவோம். சாமான் கட்டணும்."

மல்லிகா தலை நிமிரவில்லை.

"நீங்க முன்னுக்குப் போங்கண்ணே. நான் படத்த ஒட்டிட்டு வாறேன்."

முருகையா ஒரு நெல்லு மூட்டையில் உட்கார்ந்தார். அவளுடைய கையைப் பார்த்தார், பிறகுதான் என்னைப் பார்த்தார். எழுந்து தனியாகவே போனார். ஒரு வார்த்தை ஏசவில்லை.

சனம் கலைந்தது. நோர்வேக்காரருக்குக் கதை கோர்வையாகச் சொல்லத் தெரியாது என்று சிலர் சொன்னார்கள். எல்லாம் விளங்கியவர்கள் ஒன்றும் சொல்லாமல் போனார்கள், என் அம்மா உட்பட. அம்மா ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை, எட்டாம் நாள் மல்லிகாவுக்கும் சேர்த்துப் புட்டு அவித்தா. தலைவர் கூட்ட அறிக்கையில் 'மூன்றாவது படம் இடையில் அறுந்தமையால் முடிவு தெரியவில்லை' என்று எழுதச் சொன்னார். செயலாளர் நான்தானே, நானே எழுதினேன்.

களஞ்சியம் காலியான பிறகு மல்லிகா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"இத என்கிட்ட மட்டும் சொல்லியிருந்தா போதுமே டீச்சர். தெனமும் பம்படியில அதுக்குத்தானே காத்துக்கிட்டு நின்னேன்."

நான் ஒரு சாக்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதேன். சந்தோஷத்தில் கொஞ்சம், மானம் போனதில் மிச்சம்.

கப்பல் நாளன்று மூன்று பேரும் தலைமன்னாருக்குப் போனோம். ஏறுவதற்கு முன் முருகையா அவளிடம் கடைசியாக ஒருதரம் கேட்டார், படம் ஒட்டியாச்சா என்று. இன்னும் ஒட்டலண்ணே என்றாள். அவர் சிரிக்கத் தொடங்கி, அது அழுகையாகி, துவாயால் முகத்தை மூடிக்கொண்டே ஏறிப்போனார்.

அதற்குப் பிறகு எத்தனையோ இடப்பெயர்வுகள். ஒவ்வொரு பதிவுப் பத்திரத்திலும் எங்களைச் சகோதரிகள் என்று எழுதினேன். பிரேசில் கிழவர்களுக்கு நான் கொடுத்த உறவுதான் எங்களுக்கும் வாய்த்தது. இப்போது எங்கள் வீட்டு விறாந்தையில் மாதத்துக்கு ஒருதரம் பத்துப் பன்னிரண்டு இளசுகள் கூடுகிறார்கள். பல நாடுகளில் எங்களைப் போன்றவர்கள் எடுத்த குறும்படங்களைப் பார்க்கிறோம். எடுத்தவர்கள் சிலர் கணினியில் வந்து கதைப்பார்கள், நான்தான் மொழிபெயர்ப்பு. ஒருத்தி நேர்சோடு குடும்பம் நடத்தினால், குடும்பம் நடத்துகிறாள் என்றே சொல்கிறேன். மெசின் மல்லிகாவின் பொறுப்பு.

முருகையா அண்ணன் கூடலூரில் இருக்கிறார். கலியாணம் கட்டி, நாலு பிள்ளைகள். ஒவ்வொரு பொங்கலுக்கும் தொலைபேசி எடுப்பார். சுகம் விசாரிக்க முன்னமே அவருடைய பிள்ளைகள் பின்னாலிருந்து கத்துவார்கள், "அத்தை, படம் ஒட்டியாச்சா?" என்று. அங்கே ஒரே சிரிப்பாக இருக்கும். மல்லிகா என்னைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வாள்.

"இன்னும் இல்லடா. டீச்சர் பக்கத்துலதான் இருக்காங்க, ஒட்டிக்கிட்டே இருக்கேன்."