திசைகாட்டி பொருத்திய மண்வெட்டி

சுங்கை பினாங்,
27 அக்டோபர் 2025

பெருமதிப்பிற்குரிய மச்சான் சவரிநாதன் அவர்களுக்கு,

தங்கள் தங்கை ஐரீனின் கணவன் பேட்ரிக் வணக்கத்துடன் எழுதுவது. இவ்வீட்டில் அனைவரும் சுகம். என் மனம் மட்டும் விதிவிலக்கு. தங்கள் கால் வீக்கம் வடிந்து, பைராம் தோட்டத்துக்குள் மீண்டும் மோட்டார்சைக்கிளில் சுற்றிவருகிறீர்கள் என நம்புகிறேன். இது வாட்ஸ்அப்பில் எழுதத்தக்க விஷயமன்று; அந்தக் குழுவில் தங்கள் இளைய தங்கை ஸ்டெஃபனியும் இருக்கிறாள், அவள் கணவர் மைக்கேலும் இருக்கிறார். ஆகவே கடிதம்.

கல்லறைத் திருநாளுக்கு முன், தங்கள் தந்தையும் என் மாமனாருமானவரின் கல்லறையைத் துப்புரவு செய்கையில், முதல் புல்லை வெட்டுவது மூத்த மருமகனாகிய என் உரிமை. இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரே பாராங் கத்தியைக் கொண்டு அதைச் செய்துவருகிறேன். கடந்த சனிக்கிழமை, முன்னேற்பாடாகப் பார்வையிடப் போனோம். சிலுவைக்குப் பின்னால் கல்வெடிப்பில் முளைத்த அரசங்கன்றை மூன்று ஆண்டுகளாக நான் வெட்டுவதும் அது தழைப்பதுமாக இருப்பது தாங்கள் அறிந்ததே. நான் பாராங்கை உறையிலிருந்து உருவிக்கொண்டிருந்தபோதே, என் சகலை மைக்கேல் ஒரு சிறு பையைத் திறந்து, எதையோ விரித்து, திருகி, நிமிர்த்தினார். மண்வெட்டி. அதன் ஒரு விளிம்பு கோடரி, மறு விளிம்பு ரம்பம், கைப்பிடி நுனியில் திசைகாட்டி. கல்லறைத் தோட்டத்தில் திசைகாட்டி எதற்கு, மச்சான்? அங்கே இருப்பவர்கள் யாரும் வழி கேட்கப்போவதில்லை.

ஐந்தே நிமிடம். சுற்றித் தோண்டினார், பக்கவேரை ரம்பத்தால் அறுத்தார், ஆணிவேரைக் கோடரி விளிம்பால் ஒரு போடு போட்டார்; கன்று வேரோடு கையில் வந்துவிட்டது. பக்கத்துக் கல்லறைக்காரர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். ஒருவர் படமும் பிடித்தார். மைக்கேல் என்னிடம், "அண்ணே, இது வந்து..." என்று ஆரம்பித்தார். பீற்றிக்கொள்ளப் போகிறார் என்று நான் திரும்பிக்கொண்டேன். வெளியே வரும் வழியில் மேலும் இருமுறை ஆரம்பித்தார். இருமுறையும் நான் மழை வருமா என்று வானத்தைப் பார்த்தேன். அதோடு விட்டதா? காரில் ஐரீன் சொல்கிறாள்: "அடுத்த சனிக்கிழமை மைக்கேலே ஆரம்பிக்கட்டுமேங்க. அதுல எல்லாமே இருக்கு. உங்க பாராங்ல என்னா இருக்கு?" இருபத்திரண்டு வருஷம், மச்சான்.

மறுநாள் பூசை முடிந்ததும், எடை, நீளம், இரும்பின் தன்மை, பிடியின் உறுதி என ஏழு தலைப்புகளில் ஓர் அட்டவணை தயாரித்துக்கொண்டு இரும்புக்கடைக்குப் போனேன். கடையிலிருந்த அஃப்ரீன் என்ற பெண் அட்டவணையைப் பொறுமையாகப் படித்துவிட்டு, "அங்கிள், உங்களுக்கு வெட்டணுமா, தோண்டணுமா, இல்ல யாருகிட்டயாச்சும் காட்டணுமா லா?" என்று கேட்டாள். எட்டாவது தலைப்பு அதுதான் என்பதை நான் சொல்லவில்லை. ஒருபக்கம் கோடரியும் மறுபக்கம் களைக்கொத்துமாக, மூன்று கிலோ எடையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வந்து, கொல்லைப்புறத்துப் பப்பாளிக் கட்டையைப் பெயர்க்க அதன் அடிமண்ணில் ஓங்கிப் போட்டேன். கட்டை அசையவில்லை, அடியில் போன தண்ணீர்க்குழாய் உடைந்தது. நான்கு வீட்டுக்குத் தண்ணீர் இல்லை. எழுத்துமூல அனுமதியின்றி எவரும் தோண்டக்கூடாது என்று குடியிருப்போர் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருப்பவன், அதன் செயலாளராகிய நானேதான். விதி விதிதான். எனக்கே ஓர் எச்சரிக்கைக் கடிதம் எழுதி, பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமும் இட்டேன்.

ஆகவே, வெட்டுவதும் தோண்டுவதும் தங்களுக்குத் தோட்டத்து அனுபவத்தில் கைவந்தது என்பதால், மைக்கேலின் கருவியை எல்லா வகையிலும் மிஞ்சும் ஒன்றைத் தாங்களே தேர்ந்தெடுத்து வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவைக்க வேண்டுகிறேன். கிடைக்காவிடில், மாமாவின் கல்லறையில் மடக்கும் கருவிகளுக்கு அனுமதியில்லை என்று, குடும்பத்தில் மூத்தவர் என்ற முறையில் ஒரு வரி எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தாலும் போதும்.

தங்கள் கால் முழுமையாகக் குணமாகவும், தங்கள் கூரையின்கீழ் சமாதானம் நிலைக்கவும் மாதாவை மன்றாடும்,

தங்கள் மைத்துனன்,
பேட்ரிக்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் சமயத்தில் மைக்கேல் வந்தார். அந்தப் பையை என் மேசைமேல் வைத்து, "அண்ணே, அன்னிக்கே சொல்ல வந்தேன், நீங்க வானத்தையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. இது உங்களோடது" என்றார். உள்ளே தங்கள் கையெழுத்தில், 'பேட்ரிக்கின் ஐம்பதாவது வயதுக்கு' என்று ஒரு சீட்டு. அவரிடம் கொடுத்தனுப்பி, என்னிடம் கொடுப்பதற்கு முன் கூர் எப்படியென்று பார்க்கச் சொன்னவரும் தாங்கள்தானாமே. எழுதியதைக் கிழிப்பது என் வழக்கமில்லை. ஆகவே முதல் பத்தியை மட்டும் படித்து, மற்றதை எழுதப்படாததாகக் கருதவும். மிக்க நன்றி. மைக்கேலுக்கும் ஒன்று அனுப்பும் எண்ணம் இருந்தால், தயவுசெய்து திசைகாட்டி இல்லாததாகப் பார்த்து அனுப்பவும்.