ரொக்கிக்கு லீவு கொடுத்த நாள்

எனக்கு எழுபத்து நாலு வயது. பெற்றது ஐந்து, செத்துப்போன தங்கச்சியின் பிள்ளை ஒன்று, ஆக ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். அதனால் வளர்ப்பைப் பற்றி யார் சொன்னாலும் கேட்பதில்லை என்ற திமிர் எனக்கு உண்டு. (இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது.)

கடைசி மகன் செல்வம் த்ரீவீல் ஓட்டினான். சீனி வருத்தம் என்கிற சர்க்கரை வியாதி முற்றி இரண்டு கண்ணும் போனது. இரண்டு வருசம் கண்டி மஹய்யாவ வீட்டில் கதிரையை விட்டு எழும்பவில்லை. பிறகுதான் ஒரு தர்ம ஸ்தாபனம் அவனுக்கு வழிகாட்டுகிற நாய் ஒன்றைக் கொடுத்தது. பெயர் ரொக்கி. மார்புப் பட்டியை மாட்டினால் டவுனில் அவன் வேலை செய்கிற இடம் வரைக்கும் கூட்டிப்போய் கூட்டிவரும்.

நாயைக் கொடுத்த மிஸ் மாதம் ஒருமுறை வருவார். பட்டியைக் கழற்றியதும் ரொக்கி விளையாட வேண்டும், வேலை மட்டுமே செய்கிற நாய் சீக்கிரம் சோர்ந்துவிடும் என்றார். அதுவோ பட்டி தொங்குகிற ஆணியையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. அடுத்த முறையும் இப்படியே இருந்தால் திருப்பிக் கொண்டுபோக வேண்டிவரும் என்று மிஸ் சொல்லிவிட்டார். அன்றைக்குச் செல்வம் சோறு தின்னவில்லை.

நான் பொறுப்பெடுத்தேன். மிஸ் தந்த பந்து முதல் நாளே வாசல் சாக்கடைக் கானுக்குள் போய்விட்டது. பந்து என்ன, செருப்பு என்ன என்று என் பழைய ரப்பர் செருப்பை எறிந்தேன். லஞ்சம் கொடுக்க வந்தவளைப் ஆபீஸ் பெரிய கிளாக்கர் பார்ப்பது மாதிரி ரொக்கி என்னைப் பார்த்தது. கடைசியில் நானே முட்டி போட்டு, இருக்கிற நாலு பல்லால் செருப்பைக் கவ்விக் காட்டினேன். (வாசலுக்கு வந்த மீன்காரர் அன்றைக்குக் கூவாமலே போனார்.) நாலாம் நாள் அது செருப்பைக் கவ்வி வந்து என் மடியில் வைத்தது. நான் எறிய, அது ஓட, கண்டியிலேயே பெரிய கெட்டிக்காரி நான்தான் என்று நினைத்தேன்.

அந்தக் கிழமையே பக்கத்து வீட்டு மாரிமுத்து இறந்துபோனார். செல்வமும் ரொக்கியோடு வந்தான். உள்ளே போய் உட்காரப்போகிறவனுக்கு வழிகாட்ட என்ன இருக்கிறது, பாவம் அதுவும் இளைப்பாறட்டும் என்று வாசலில் நானே பட்டியைக் கழற்றிவிட்டேன். அங்கே முப்பது நாற்பது சோடி செருப்பு கிடந்ததை நான் யோசிக்கவில்லை. ரொக்கி யோசித்தது.

பெண்களைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்கிறேன், மடியில் ஒரு செருப்பு. முந்தானையால் மூடினேன். இன்னொன்று வந்தது. போயிட்டியே தம்பி என்று அழுதபடியே மூன்றாவதையும் மூடினேன். நாலாவதுக்கு இடமில்லை. பழகின கை, ஜன்னல் வழியாக எறிந்துவிட்டது. அது வெளியே தப்படிக்கிறவரின் தப்பில் போய் விழுந்தது. ஒரே ஒரு அடி. பிறகு எந்தச் சத்தமும் இல்லை.

எல்லாரும் என்னைப் பார்க்கும்போதே ரொக்கி அடுத்ததைக் கொண்டுவந்தது. அது மாரிமுத்துவின் செருப்பு. காலையிலிருந்து அதை எடுத்துவைக்க யாருக்கும் மனம் வரவில்லை. அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் இருந்த அவர் பெண்சாதி லெட்சுமி, அதைப் பிடுங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு கத்தி அழுதாள். நான் மடியில் மூன்று செருப்போடு எழும்பவும் முடியாமல் இருந்தேன்.

செத்த வீட்டுக்கு மூன்றாம் நாள், மாதம் முடியுமுன்பே மிஸ் வந்தார். அந்த நேரம் பார்த்து லெட்சுமியும் வந்து வாசலில் நின்றாள். நாய் போனதுதான் என்று நினைத்தேன். செல்வம் அதன் கழுத்திலிருந்து கையை எடுக்கவேயில்லை. இப்போது விளையாடுகிறதா என்று மிஸ் என்னைத்தான் கேட்டார். நான் வாசலைப் பார்த்தேன். லெட்சுமிதான் சொன்னாள்.

"விளையாடுது மிஸ். என் புருசன் செருப்பைக்கூட விடல."

வாலை ஆட்டியதா என்று கேட்டார் மிஸ்.

"செத்த வீடுன்னுகூட பார்க்காம ஆட்டுச்சு."

மிஸ் சந்தோசமாக எழுதிக்கொண்டார். ரொக்கி எங்களோடு தங்கிவிட்டது.

இன்றைக்கும் எங்கள் வீட்டு வரிசையில் ஒரு சாவு என்றால், வருகிறவர்கள் செருப்பை ஷொப்பிங் பேக்கில் போட்டுக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அழுகிறார்கள். நான் செத்தால் ரொக்கிக்கு மூன்று நாள் லீவு என்று என் பிள்ளைகள் சொல்லிச் சிரிக்கிறார்கள். அப்போது அது செருப்பை யார் மடியில் கொண்டுபோய் வைக்கும் என்று அவர்கள் யோசிக்கவில்லை.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிற பேத்தி கவிதா பக்கத்தில்தான் இருக்கிறாள். எழுதினதை ஒருக்கா படிச்சுக் காட்டு கண்ணு. லெட்சுமி பேரு வர்ற இடத்துல மட்டும் மெதுவாப் படி. அவ வீட்டுக்கும் நம்ம வீட்டுக்கும் நடுவுல ஒரு பலகைதான் இருக்கு.